சோலைவரிப் பதிவேட்டில் ஏழு பெயர்

நகரசபையில் என் மேசைக்கு வந்த கோப்பு அது.
உவர்மலை ஏற்றத்தில் சுவர் வெடித்த ஒரு கட்டடம்.
உரிமையாளர் நிரலில் ஏழு பெயர்.
ஏழு பேரும் செத்து
ஐம்பது வருஷத்துக்கு மேல்.
"உயிரோடிருக்கிற ஒருத்தரைக் கண்டுபிடியும் பிள்ளை"
என்றார் செயலாளர்.

டொக்யார்ட் எஞ்சினியர் மக்கின்டயர்.
சுங்கத்தில் இருந்த பறங்கியர் ஷொக்மன்.
கப்பலுக்குக் கரி ஏற்றிய உதுமாலெவ்வை,
மாலுமிகளுக்கு மாவும் மதுவும் விற்ற பெஸ்தன்ஜி,
பிரக்கிராசி அருளையா,
ஆஸ்பத்திரி டொக்டர் நல்லநாதர்.
ஏழாவது பெயரைக் கறையான் வாசித்துவிட்டது;
'ர்' மட்டும் மிச்சம்,
மரியாதைக்கு.

ஊர் அதைத் தலைவெட்டிப் பங்களா என்றது.
வியாழன் இரவுகளில் கறுப்புக் கோட்டோடு போவார்களாம்,
ஆட்டுக்கடா மேல் ஏறுவார்களாம்,
உள்ளே கண்டதைச் சொன்னவன் நாக்கு
உட்துறைமுகத்தில் மிதக்குமாம்.
என் அப்பாவுக்கு வேறு விளக்கம்:
"மேசன்மாரின்ர சங்கம்.
ஒருத்தனுக்கும் சாந்து குழைக்கத் தெரியாது."

கூட்டக் குறிப்புப் புத்தகம் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது.
ரகசியம் தேடி இரண்டு நாள் படித்தேன்.
மண்ணெண்ணெய் விலை.
மின்விசிறி வாங்குவதா என்று மூன்று மாத வாக்குவாதம்.
பெஸ்தன்ஜி தந்த கதிரைகளில் மூட்டைப்பூச்சி.
மக்கின்டயர் ஒருமுறை அருளையாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்,
எதற்கென்று எழுதவில்லை.
பகலில் வெள்ளைக்காரர் கிளப்பின் வாசலோடு நிற்கிற ஆள்
இரவு ஏழு மணிக்கு அவருக்குச் சகோதரன்;
பத்து மணிக்குப் பிறகு என்ன
என்பது குறிப்பில் இல்லை.
நாற்பத்திரண்டு சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போட்ட கிழமை,
ஒரே வரி:
கூட்டம் இல்லை. ஜன்னல் கண்ணாடி நாலு. சகோதரர் ஷொக்மன்.

கூலிப் பக்கத்தில்தான் எட்டாவது ஆள்.
'பாலையூற்று மேசன் கபிரியேல்,
தளம் பதித்த வகையில், பத்தொன்பது நாள்.'
கறுப்பு ஒன்று வெள்ளை ஒன்று
மூலைமட்டம் பிடித்து, நூல் கட்டி,
குந்தியிருந்து பதித்தவன்.
இருபதாம் நாள் கதவு பூட்டியாயிற்று,
வாசலில் வாளோடு காவல்.
மூலைமட்டமும் கவராயமும்
கதவுக்கு மேலே வெண்கலத்தில் மின்ன
சொந்த மூலைமட்டத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு
இறங்கிப் போயிருப்பான்.

இடம் பார்க்கப் போனேன்.
பார்க்க என்ன இருக்கிறது, தெரிந்த இடம்.
தொண்ணூறாம் ஆண்டு ஆனி,
பூட்டை உடைத்தது யாரோ,
நாற்பது குடும்பம் உள்ளே.
விதானையார் கல்லை எண்ணிப் பங்கு பிரித்தார்:
குடும்பத்துக்கு இருபத்தைந்து கட்டம்.
கோடு கீறத் தேவை இருக்கவில்லை.
சல்லிக் கரைவலைக்காரரும் கச்சேரிக் கிளாக்கரும்
அடுத்தடுத்த கட்டத்தில் குறட்டை விட்டார்கள்.
மேடைப் படியில் பருப்புச் சட்டி.
நீலக் கூரையில் பொன் நட்சத்திரம் பூசியிருந்தார்கள்;
மூன்று கிழமைப் புகையில்
வானம் முழுக்கக் கரி.

எங்கள் பங்கில் ஒரு பிழை:
கறுப்புக்குப் பக்கத்தில் கறுப்பு.
அந்த இரண்டுக்காகத் தங்கச்சியும் நானும் அடிபட்டோம்.
மற்றதைவிட அது குளிர் என்று
அவள்தான் கண்டுபிடித்தாள்.

நூல் பிடித்த கபிரியேல்
எந்த நாளில் பிழைவிட்டான்?
வெள்ளைக் கல் தீர்ந்துபோனதா, வெளிச்சம் போனதா,
கணக்கப்பிள்ளை கூலியைக் குறைத்த அன்றா?
ஏழு பேரில் ஒருவராவது கவனித்ததாகக் குறிப்பில்லை.
இருபது வருஷம் அதன்மேல் நடந்திருக்கிறார்கள்,
பாதங்களை மூலைமட்டமாய் வைத்து.

செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன்.
குளிர் எல்லாக் கல்லிலும் ஒன்றுதான்.
தங்கச்சி ரொறன்ரோவில்.
சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டாள்.

திரும்பிவந்து நிலுவை பார்த்தேன். ஒரு சதமும் இல்லை.
தை மாதம் தவறாமல் காசுக்கட்டளை வந்திருக்கிறது,
சண்டை நடந்த வருஷங்களிலும்,
அனுப்பியவர் பெயர் இல்லாமல்.
முதலில் கொழும்பு முத்திரை, பிறகு மட்டக்களப்பு,
இப்போது பதுளை.
உரிமையாளர் நிரலில் 'விசாரணையில்' என்று எழுதி
கோப்பை அடுக்கின் அடியில் வைத்தேன்.
செயலாளர் கேட்டால்
தேடிக்கொண்டிருக்கிறேன் என்பேன்.